குப்பத்துப் பள்ளியில் தலை எண்ணிய பதினைந்து நாள்

எம்.எட். படிப்பில் ஆய்வேடு இனிக் கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம், இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக இன்னொரு தாள் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை இருக்கிறதாம். சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்த இரண்டு பேர் சொன்னார்கள். திருவள்ளூர்ப் பக்கத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருவரும் விரிவுரையாளர்கள். அவர்களில் ஒருவர் அஞ்சல் வழியில் எம்.எட். சேர்ந்திருக்கிறார்.

“சார், உங்க காலத்துல டேட்டா எடுக்க எத்தினி நாள் போனீங்க?” என்று அவர் கேட்டார்.

“முதல்ல நாலு நாள். அப்புறம் பதினஞ்சு நாள்.”

“இன்னாத்துக்கு சார் அவ்ளோ நாளு? பாரம் அனுப்பினா எச்.எம்.முங்களே பூர்த்தி பண்ணி அனுப்பிடறாங்க.”

அந்த நான்கு நாளுக்கும் பதினைந்து நாளுக்கும் நடுவில் நடந்ததை அவர்களிடம் சொன்னேன். பயிற்சிப் பள்ளி ஆண்டு மலருக்கு அதையே எழுதித் தரும்படி கேட்டார்கள். அந்த ஆண்டின் நாட்குறிப்பை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. இரண்டாம் நிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போனேன். வேலை பார்த்தபடியே பி.ஏ., பிறகு விடுப்பெடுத்து பி.டி. பொன்னேரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் எடுத்துக்கொண்டிருந்தபோது, அறுபதுகளின் கடைசியில், கல்வித் துறை என்னைச் சென்னைக்கு எம்.எட். படிக்க அனுப்பியது. ஓராண்டுப் படிப்பு. எனக்கு முப்பத்து நான்கு வயது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் காலைப் பாசஞ்சரில் பொன்னேரியில் ஏறுவேன். நீராவி இஞ்சின் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சட்டைக் காலரில் கரித்தூள் படியும் என்பதால் நடுவில்தான் உட்காருவேன்.

ஆய்வேட்டுக்கு எனக்கு வழிகாட்டியாக வந்தவர் செல்வி கமலவேணி. என்னைவிட ஐந்து வயது இளையவர். பள்ளியில் நான் பாடம் நடத்தத் தொடங்கியபோது அவர் பள்ளியிறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்திருப்பார். நான் அவரை ‘மேடம்’ என்பேன், அவர் என்னை ‘சார்’ என்பார். உடன் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. “தணிகாசலம், உங்க தங்கச்சி கூப்பிடறாங்க, நோட்டெல்லாம் சரியா இருக்குதா பாத்துக்கினு போங்க” என்பார்கள். முதல் மாதம் எனக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பிறகு இருக்கவில்லை.

அவருடைய வேலை முறையை நான் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அறையில் அவர் மேசைமேல் நாம் கொண்டுபோன தாளும் ஒரு பென்சிலும் தவிர வேறெதுவும் இருக்காது. சிவப்பு மையைத் தொடமாட்டார். முதலில் அட்டவணைகளைப் பார்ப்பார். ஒவ்வொரு அட்டவணையின் கூட்டுத்தொகையையும் தாமே கூட்டிப் பார்ப்பார். பிறகு எழுத்தைத் தொடக்கத்திலிருந்து மெதுவாக வாசிப்பார். ஒரு வாக்கியம் முடிந்ததும் பென்சில் நிற்கும்.

“இது நீங்க பாத்ததா, படிச்சதா, கேட்டதா சார்?”

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் ஓரத்தில் அவர் போடுவது தமிழ் எழுத்து. பார்த்தது என்றால் ‘பா’. படித்தது என்றால் ‘ப’. யாரோ சொல்லக் கேட்டது என்றால் ‘கே’. இந்த மூன்றில் எதுவும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தின்மேல் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். நேர்த்தியாக எழுதுகிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. அந்த நேர்த்தியை அவர் ஒருமுறைகூடக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது, பின்னால் மரியாதையாக மாறியது.

நான் எடுத்துக்கொண்ட பொருள், தொடக்கப் பள்ளிகளில் வருகையும் தேர்ச்சியும். இரண்டு பள்ளிகள். ஒன்று நெல் விளையும் ஊரில் இருந்தது. மற்றது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில். குப்பத்தின் பெயரை அப்போதும் நான் எழுதவில்லை, இப்போதும் எழுதவில்லை. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் போய், பிறகு படகில் ஏரியைக் கடக்க வேண்டும். நாற்பத்தாறு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் பெயர் மாசிலாமணி. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார்.

ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று ஆண்டு வருகைப் பதிவேடுகளை வரி விடாமல் நகலெடுத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை காலையில் வந்தால் கட்டத்தில் ஒரு சாய்கோடு. பிற்பகலும் இருந்தால் அதன் குறுக்கே இன்னொரு சாய்கோடு. வராவிட்டால் சிறு எழுத்தில் ஒரு ஆங்கில ‘ஏ’. மாசிலாமணியின் பதிவேடு பார்க்கவே அழகாக இருந்தது. பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகள், ஒரே அளவு, ஒரே சாய்வு. ‘ஏ’ எங்கோ ஒன்றிரண்டு. நெல் ஊர்ப் பள்ளியில் அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வரவில்லை. குப்பத்துப் பள்ளியில் எந்தக் காலத்திலும் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆனால் ஆண்டுத் தேர்வு முடிவு தலைகீழ். நெல் ஊரில் பெரும்பாலோர் தேர்ச்சி. குப்பத்தில் பாதிக்கு மேல் தோல்வி.

இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குப்பத்துப் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறார்கள், ஆனால் வந்தும் கற்றுக்கொள்வதில்லை. வீட்டுச் சூழலில் கல்வி நாட்டம் இல்லாததும், அந்தப் பிள்ளைகளின் இயல்பான திறன் குறைவும் காரணமாகலாம். இதை இரண்டு பக்கத்தில் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே சிறந்த பக்கங்கள் அவைதாம் என்று அன்றைய நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன்.

கமலவேணி அந்த இரண்டு பக்கத்தையும் படித்தார். ஓரம் முழுக்க ‘ப’.

“ஒரு ‘பா’ கூட இல்லையே சார்” என்றார். பிறகு பதிவேட்டு நகலை வாங்கிப் புரட்டினார். மூன்றாம் ஆண்டு மழைக்கால மாதத்தில் ஒரு கட்டத்தின்மேல் பென்சிலை வைத்தார். “இந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. புயல். மெட்ராஸ்லயே காலேஜ் மூடிட்டாங்க. எங்க வீட்டு முருங்கை மரம் விழுந்துச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துல அன்னைக்கு நாப்பத்தாறு பேரும் ரெண்டு வேளையும் வந்திருக்காங்க.”

நகலை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆண்டின் நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் இருந்தது: “புயல். வண்டி ஓடவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை. கிணற்றடிக் கூரை பறந்தது.” இதை எழுதியவனே அந்தப் பதிவேட்டை நகலெடுத்தவனும். நகலெடுக்கும்போது கட்டங்கள் கோணாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

“போய் உக்காந்து எண்ணிட்டு வாங்க சார்” என்றார் கமலவேணி அடுத்த நாள். “பதினஞ்சு நாள். பதிவேட்டைத் திறக்காதீங்க.”

பொங்கல் முடிந்த மறுநாள் போனேன். மாசிலாமணி என்னை வரவேற்ற விதத்தில் ஒரு சங்கடம் இருந்தது. “மறுபடியுமா சார்? எல்லாத்தையும்தான் எழுதிக்கினு போனீங்களே” என்றார். பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு நாற்காலியைப் பின்பக்கம் போட்டுக்கொடுத்தார்.

முதல் நாள் இருபத்திரண்டு பேர். இரண்டாம் நாள் இருபத்து நான்கு. மூன்றாம் நாள் மறுபடி இருபத்திரண்டு. பாதிப் பள்ளி வரவே இல்லை, பதிவேடு முழுப் பொய் என்று அன்று மாலையே குறித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதரின் அழகான பெருக்கல் குறிகளை நம்பி ஒரு பருவத்தையே வீணடித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் மாசிலாமணி எடுத்த பாடம் எனக்கு ஏற்கெனவே கேட்டதுபோல் இருந்தது. முந்தின நாள் எடுத்த அதே பின்னம். ஒரு அப்பத்தை நான்காக வெட்டுவது, அதே சொற்கள். முதல் நாள் எடுத்ததையும் இரண்டாம் நாள் திரும்ப எடுத்திருந்தாரோ என்று சந்தேகம் வந்தது. குறிப்பைப் பார்த்தேன். ஆம். இவருக்குப் பாடம் எடுக்கவும் மறந்துபோய்விட்டது போலும் என்று எண்ணினேன். இடைவேளையில் கடைசி வரிசைப் பெண்ணிடம், “இதையேதானே நேற்றும் நடத்தினார்?” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நேத்து நான் எங்க சார் வந்தேன்? நேத்து எங்க பாடு.”

“அப்படீன்னா?”

“எங்க பாடு சார். எங்க நைனா வலை கட்ற நாளு. நாளைக்கும் வரமாட்டேன். நீ இன்னா சார், தெனம் எண்ணிக்கினே கீற, யாரு யாருன்னு பாக்கமாட்டியா?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சொன்னது முழுக்கச் சரி. நான் தலைகளை எண்ணினேன், முகங்களைப் பார்க்கவில்லை. ஒற்றைப்படை நாளில் வந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட இரட்டைப்படை நாளில் வந்த இருபத்து நான்கு பேரில் இல்லை.

அன்று பள்ளி விட்டதும் மாசிலாமணி எனக்குப் பாடு என்பதை விளக்கினார். ஏரியில் இறால் வளமாகக் கிடைக்கும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊர்ப் பெரியவர்கள் கூடி முறை வைத்திருக்கிறார்கள். இந்தக் குப்பத்தில் குடும்பங்கள் இரண்டு வகையாகப் பிரிந்திருந்தன. ஒரு நாள் இந்த வகைக்கு, மறுநாள் அந்த வகைக்கு. தன் பாடு விழும் நாளில், அதாவது பாட்டு நாளில், ஒரு குடும்பத்துக்கு எல்லாக் கையும் வேண்டும். பையன் படகில் நீர் இறைப்பான், இறால் பிரிப்பான். தாய் கூடையோடு கரைக்குப் போவாள், பெண் கைக்குழந்தையைப் பார்ப்பாள். மறுநாள் எல்லோரும் பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

“வந்திருவாங்க சார், தப்பாது. மழையானாலும் சரி, தன் பள்ளிக்கொட நாள்ல ஒரு புள்ள நிக்காது” என்றார். பிறகு அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பத்தி. எந்த வகைக்கு எந்தப் பாடம் எதுவரை ஆயிற்று, யாருக்கு எது புரியவில்லை. பதினொரு ஆண்டாக எழுதியிருந்தார். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை நடத்தியிருக்கிறார். இரண்டாம் ஆசிரியரையும் அப்படியே செய்யப் பழக்கியிருக்கிறார். என் வாழ்நாளில் இவ்வளவு உண்மையான பள்ளிப் பதிவேட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்ப இது?” என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினேன்.

“அது சனிக்கிழமை ஒக்காந்து போடறது.” அவர் என்னை நேராகப் பார்த்தார். “இருக்கறத எழுதினா சராசரி பாதிக்கு வந்துரும். ரெண்டாவது வாத்தியாரு போஸ்ட்டு போயிரும். அவரு போனா நான் ஒருத்தனே அஞ்சு வகுப்பையும் ரெண்டு தபா எப்படி சார் நடத்தறது? அதான் எழுதறேன். தப்புதான்.”

தேர்வு முடிவின் காரணமும் தெரிந்தது. ஆண்டுத் தேர்வு நான்கு நாள், ஒன்றியம் முழுக்க ஒரே தேதி. நான்கு நாளில் இரண்டு நாள் எந்தப் பிள்ளைக்கும் பாட்டு நாளாகிவிடும். எழுதாத தாளுக்குச் சுழியம். அப்படியும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் எப்படித் தேறினார்கள் என்றால், அந்த இரண்டு நாளும் சில பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு கை குறைவாகவே வலைக்குப் போயிருக்கிறார்கள்.

மீதிப் பதினொரு நாளும் பெயர் வாரியாக எழுதினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்து புதுவாயலைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகியபோது, அங்கே பயிற்சிக்குப் போன என் மாணவ ஆசிரியர்கள், “பிள்ளைங்க ஒழுங்கா வரதில்ல சார், ஒரு வாரம் வருது, ஒரு வாரம் வரலை” என்று சொன்னார்கள். தகப்பனுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். ஒரே வாரத்தில் விடை வந்தது. இரவு ஷிப்டு வாரத்தில் பகலில் அப்பா தூங்க வேண்டும், கைக்குழந்தையை வெளியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். என் பணிக்காலம் முழுக்க நான் செய்ததில் பாதி, கமலவேணியின் அந்த மூன்று எழுத்தைப் புதிய புதிய ஊர்களுக்கு எடுத்துப்போனதுதான்.

குப்பத்திலிருந்து திரும்பியபோது என் முன் இருந்த சிக்கல் இது. என்னைத் துறை அனுப்பிப் படிக்கவைத்ததால் ஆய்வேட்டின் ஒரு பிரதி கல்வி அலுவலகத்துக்குப் போகும். பார்த்ததை எழுதினால் மாசிலாமணி பொய்ப் பதிவு செய்தவர் என்று என் கையாலேயே சான்று கொடுத்ததாகும். வேலை போகலாம், இரண்டாம் ஆசிரியர் நிச்சயம் போவார். எழுதாவிட்டால், வந்தும் கற்காத பிள்ளைகள் என்ற என் முதல் முடிவு ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தோடு நிலைத்துவிடும். அந்தப் பள்ளியையே விட்டுவிட்டு வேறு பள்ளி எடுக்கலாம். அதற்கு நேரமில்லை, ஓராண்டு போகும்.

கமலவேணியிடம் இதைச் சொல்லிவிட்டு, “பள்ளியோட பேரைப் போடாம ‘இரண்டாம் பள்ளி’ன்னு எழுதிடலாம் மேடம்” என்றேன்.

“உங்க ஆபீசுல படிக்கறவங்களுக்கு, தண்ணிக்கு அந்தப் பக்கம் எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“பேர் மறைஞ்சா போதுமா, ஆள் மறையணுமா?”

அவர் தாளை நேராக வைத்தார், பென்சிலை அதன்மேல் வைத்தார். அவர் தயங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“எழுதுங்கன்னோ எழுதாதீங்கன்னோ நான் சொல்ல முடியாது சார். சொன்னா அது என் சௌகரியத்துக்குச் சொன்னதா ஆயிடும். இதுல யாருக்கு நஷ்டமோ அவர்கிட்ட காட்டுங்க. இங்கிலீஷ்ல இருக்கறதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வரி விடாம. அவர் வேண்டாம்னா, நான் துறைத் தலைவர்கிட்டப் பேசி உங்களுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் டைம் வாங்கித் தர்றேன்.”

ஆய்வுக்கு உட்பட்டவரிடம் ஆய்வேட்டைப் படித்துக் காட்டுவது அந்நாளில் யாரும் செய்யாத காரியம். உடன் படித்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வகுப்பறையிலேயே உட்கார்ந்தோம். மாசிலாமணியோடு எல்லப்பன் என்ற பெரியவரும் வந்திருந்தார். பாட்டு முறையை நடத்தும் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் அவர், கரும்பலகை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. முதலில் என் பழைய முடிவை வாசித்தேன். அதையும் வாசிக்க வேண்டும் என்று கமலவேணி சொல்லியிருந்தார். திறன் குறைவு என்ற இடம் வந்தபோது எல்லப்பன் மாசிலாமணியைப் பார்த்தார்.

“எங்க புள்ளைங்களுக்கு மண்டைல ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கீறாரா?”

“எழுதியிருந்தேன் ஐயா” என்றேன். “தப்பு. இப்ப மாத்தி எழுதியிருக்கறதை வாசிக்கறேன்.”

புதியதை வாசித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் மாசிலாமணி, “நீங்க இத எப்ப குடுக்கணும்?” என்றார்.

“ஏப்ரல் முதல் வாரம்.”

“அதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன். நீங்க எழுதி அவங்க கண்டுபுடிச்சதா இருக்கக் கூடாது. நான் சொன்னதா இருக்கணும்.”

“வேலைக்கு...”

“தெரியும் சார். இந்தப் பதிவேட்டாலதான் நீங்க எங்க புள்ளைங்கள மக்குன்னு எழுதினீங்க. இது இப்படியே கெடந்தா உங்களுக்கு அப்புறம் வர்றவனும் அதத்தான் எழுதுவான். போஸ்ட்டக் காப்பாத்தறேன்னு பதினோரு வருஷமா நான் இவங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு இருந்தேன்.”

திங்கட்கிழமை காலை அவர் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தார். இருபத்து நான்கு பெருக்கல் குறி, இருபத்திரண்டு ‘ஏ’. அன்றே பள்ளித் துணை ஆய்வாளருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். பாடம் குறித்த நீள நோட்டிலிருந்து சில பக்கங்களை நகலெடுத்து இணைத்தார்.

துணை ஆய்வாளர் பத்து நாளில் வந்தார். நானும் வர வேண்டும் என்று எனக்கு அஞ்சலட்டை வந்தது. கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். பதிவேட்டை வாங்கினார், நோட்டை வாங்கினார், ஒரு மணி நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டார். அன்று கரை திரும்பாமல் எல்லப்பன் வீட்டில் தங்கி, மறுநாள் வந்த மற்ற பாதியிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். அதை அவர் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

“மாசிலாமணி, பொய் எழுதினதுக்கு நடவடிக்கை எடுக்க எனக்கு விதி இருக்கு. உண்மையை ஒத்துக்கிட்டதுக்கு ஒரு விதியும் இல்லை. போஸ்ட் பத்தி நான் மேலே எழுதணும்னா, இந்தப் பிள்ளைங்க தேறுவாங்கன்னு எதையாவது காட்டணும். தேர்வுத் தேதியை ஒரு பள்ளிக்காக மாத்த முடியாது.”

எல்லப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “தேதி உங்குளுது, அத நீங்க நவுத்த முடியாது. பாடு எங்குளுது. அத நாங்க நவுத்தலாமில்ல?”

“எப்படி?”

“அந்த நாலு நாளும் பள்ளிக்கொடத்துல புள்ள இல்லாத ஊட்டுக்காரன் எறங்கட்டும். பொறவு அவன் நாளை நாங்க எட்த்துக்கினு நேர் பண்ணிக்கறோம்.”

“ஊர் ஒத்துக்குமா?”

“ஒத்துக்காம? எம் பேத்திய மக்குன்னு இன்னொருத்தன் எழுதறத்துக்கா?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது, ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

ஊர் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரைக்கு முந்தின அந்த நாட்கள் இறால் நன்றாகப் படும் நாட்கள். இரண்டு மாலை கூடிப் பேசி, மூன்றாம் மாலை முடிவு செய்ததாக மாசிலாமணி எழுதியிருந்தார். பாட்டுமுறையை அப்படி மாற்றியது அவர்களுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. தேர்வின் நான்கு நாளும் நாற்பத்தாறு பேரும் எழுதினார்கள். இரண்டாம் நாள் நான் போயிருந்தேன். பெஞ்சு போதாமல் ஐந்தாறு பேர் படகுப் பலகையில் உட்கார்ந்து எழுதினார்கள். முப்பத்தெட்டுப் பேர் தேறினார்கள்.

என் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வருகை அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு, “ஜனவரி வரை முழு வருகை, பிப்ரவரியில் பாதியாக விழுந்திருக்கிறதே, என்ன நடந்தது?” என்று கேட்டார்.

“வருகை விழவில்லை ஐயா, எழுதுவது மாறியது” என்றேன்.

அவர் கமலவேணியைப் பார்த்தார். கமலவேணி, “நாற்பதாம் பக்கத்திலிருந்து பாருங்கள்” என்றார், அவ்வளவுதான். பேராசிரியர் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து படித்தார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை. வெளியே வந்ததும் கமலவேணி, “இன்னும் அந்த ரெண்டு பக்கத்தை வெச்சிருக்கீங்களா சார், பழசு?” என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். “கிழிச்சுடாதீங்க” என்றார். இன்றும் வைத்திருக்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் குப்பத்துக்குப் போய்ப் பட்டம் கிடைத்த செய்தியைச் சொன்னேன். மாசிலாமணிக்கும் ஆணை வந்திருந்தது. இரண்டாம் ஆசிரியர் பணியிடம் தொடரும் என்று ஒரு தாள். இன்னொரு தாளில், பொய்யான வருகைப் பதிவுக்காகத் தலைமை ஆசிரியர் கண்டிக்கப்படுவதாகவும், அது அவருடைய பணிப் பதிவேட்டில் குறிக்கப்படுவதாகவும் இருந்தது. பதவி உயர்வில் அவருக்கு வர வேண்டிய பெரிய பள்ளி இனி வராது. அந்த இரண்டாம் தாளை எடுத்து அவரே எனக்கு வாசித்துக் காட்டினார்.

என்னால் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருபத்தெட்டு வருஷ சர்வீசுல என்னப் பத்தி டிபார்ட்மென்டு எழுதின மொத வரி சார் இது. படிச்சிப் பாத்தேன், ஒரு எழுத்து தப்பா எழுதல.”

தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வகுப்புக்குள் போனார். எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பதில் வராத பெயருக்குக் கொஞ்சம் நிறுத்தி, ‘ஏ’ போட்டு, அடுத்த பெயருக்குப் போனார். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இருபத்திரண்டு என்று பலகையின் மூலையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.